நீ எடுத்துப்போன ஸ்க்ரூ

கோபத்தையும் பாசத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் தவிக்கிற மனசோடு, என் அருமை அண்ணனுக்கு,

நீ நிம்மதியாகப் படுத்துக்கொண்டாய். எனக்கு இங்கே நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்குப் போய் உன் காரைப் பார்க்கத் தோன்றுகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால் நம் கோவில் பங்கு இதழில் போடுவார்களாம். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் என் எழுத்து புரியவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். உன் அம்பாசடரில் வைப்பர் ஓடவில்லை.

நீ போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். உன்னைப் பார்க்க உன் காரில்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். நவம்பர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? என் மகன் ஆரோக்கியம் கறாராகச் சொல்லிவிட்டான்.

"முன்னாடி ரோடே தெரியாம எப்டிம்மா ஓட்டுறது? திருநாளுக்குள்ள சரியாவலைன்னா கோடம்பாக்கத்து ஆளுகிட்ட குடுத்துடறேன். ஷூட்டிங்ல சும்மா நிக்கிற வண்டிக்கு வைப்பர் எதுக்கு?"

உன் கார் எவனோ ஒரு வில்லனுக்குப் பின்னால் நிற்பதை நினைத்தேன். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன்.

மந்தைவெளியிலிருந்து மெக்கானிக் செல்வம் வந்தான். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாரைக் கழற்றி வாசற்படியில் வைத்து பேட்டரி கொடுத்தான், கிர்ரென்று சுற்றியது. திரும்ப மாட்டினால் மூச்சில்லை. மறுநாள் சுவிட்சை மாற்றினான். அப்போதும் மூச்சில்லை.

மூன்றாம் நாள் ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அங்கிருந்தே கத்தினான்.

"ஆயா, கரண்டு மோட்டார் வரைக்கும் வந்துகினுதான் கீது. திரும்பிப் போவத்தான் வழி இல்ல. எர்த்து ஒயரு அந்தரத்துல தொங்குது பாரு. மேல ஓட்டை கீதே, இங்க இன்னா இருந்துச்சி?"

"மாதா சுரூபம்" என்றான் ஆரோக்கியம்.

"அந்த ஸ்க்ரூலதான் ஒயரு மாட்டி இருந்துருக்கு. சுரூபம் எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கென்ன தெரியும்?" என்று உள்ளே போய்விட்டேன்.

எனக்குத்தான் தெரியும். உன் பெட்டியை மூடுவதற்கு முன்னால், அந்தப் பித்தளை மாதா சிலையைத் திருகித் திருகிக் கழற்றி, அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூவோடு உன் கைக்குள் வைத்தவள் நான். கழற்றும்போது டேஷ்போர்டுக்குள் ஏதோ டிங்கென்று விழுந்தது. அழுகையில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அது போகட்டும். நீ செய்ததைச் சொல்லட்டுமா?

பெசன்ட் நகர் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அடையாறு பாலத்தில் மழை பிடித்துக்கொள்ளும். வைப்பர் சோர்ந்து நின்றுவிடும். நீ மாதாவின் தலையைப் பிடித்து லேசாக ஒரு திருப்புத் திருப்பி "தாயே!" என்பாய். உடனே ஓடும். நான் சிலுவை போட்டுக்கொள்வேன். தெருவே கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை மாதா செய்த புதுமை, அற்புதம் என்று சாட்சி சொன்னேன். பொம்பிளைகள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். ஜெபம் செய்கிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாயா, படுபாவி?

ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறாய்! இத்தனை வருஷமாக!

செல்வம் வேறு ஒரு ஸ்க்ரூ போட்டான். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் வறட் வறட்டென்று தேய்த்தது. என் பேத்தி ஸ்டெல்லா ஹாரனை அடித்துத் தெருவையே கூட்டிவிட்டாள். கியர் மாற்றுவதில் அவள் அப்படியே நீதான். நம் வீட்டில் பொம்பிளைப் பிள்ளை கார் ஓட்டுகிறது, அண்ணா. ஆரோக்கியம் கோடம்பாக்கத்துக்கு போன் போட்டு, "இல்ல சார், வண்டி வூட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வாசலுக்கும் சமையலறைக்கும் நடை நிற்கவில்லை.

நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, இவளை எப்படித் தலைகுனிய வைப்பது என்று வாயை மூடிக்கொண்டாயா? இல்லை, தங்கச்சி ஏமாறுவதைப் பார்க்க அவ்வளவு ருசியாக இருந்ததா? இன்னொன்றும் கேட்கிறேன். ஸ்க்ரூவை முறுக்கத்தானே போகிறாய், அதற்கு எதற்கு "தாயே"? நான் பக்கத்தில் இல்லாமல் நீ தனியாகப் போன மழையிலும் கூப்பிட்டாயா?

இதைப் படிக்கிற அன்பியத்துப் பெண்களே, அன்று நான் சொன்னது பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புது சுரூபம் வாங்கி வைக்கலாம் என்றான் ஆரோக்கியம். வேண்டாம் என்றுவிட்டேன். நம் மாதா உன்னோடு இருக்கிறாள். காரில் வெறும் ஸ்க்ரூ போதும்.

திருநாளன்று வருவேன். மழை கொட்டினாலும் உன் காரில்தான் வருவேன். ஸ்டெல்லா ஓட்டுவாள், நான் முன்சீட்டில் இருப்பேன், ஸ்க்ரூ டிரைவர் என் மடியில் இருக்கும். வழியில் வைப்பர் சோர்ந்தால் நானே முறுக்குவேன். அந்த நேரத்தில் என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. வந்ததை வந்தபடி உன் தலைமாட்டில் நின்று சொல்கிறேன்.

உன்னிடம் ஏமாந்ததற்காக ஒரு நாள்கூட வருத்தப்படாத,
உன் தங்கச்சி
பிலோமினா