பாட்டு முடிந்த பிறகு கேட்டது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீ நலமா என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், கை தானாகவே எழுதிவிடும். இந்தத் தடவை அந்த ஒரு வரியில் பேனா அரை மணி நேரம் நின்றது. நலமாக இருக்கிறாயா கண்ணு? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரியாமல் பயந்துபோய்க் கேட்கிறேன். கடிதம் ஏன் வீட்டுக்கு வராமல் உன் ஆபீஸுக்கு வந்திருக்கிறது என்று யோசிப்பாய், படித்தால் புரியும். ஆபீஸிலேயே உட்கார்ந்து படி, வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

உன்னோடு வேலை செய்கிற பெண் வந்தபோது நீ கொடுத்தனுப்பினாயே, தீப்பெட்டி அளவு பாட்டுப் பெட்டி, அதைப் பற்றி முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடவே ஒரு சீட்டில் இருபத்திரண்டு பாட்டு இருக்கிறது, கடைசி வரைக்கும் கேளுங்கள் என்று எழுதி, கடைசி என்ற வார்த்தைக்கு அடியில் கோடும் போட்டிருந்தாய். நாங்கள் கேட்கவில்லை. எனக்குக் காதில் அந்தக் குமிழை மாட்டினால் இரண்டு நிமிஷத்தில் அரிக்கும், கழற்றி வைத்துவிடுவேன். அப்பாவுக்கு இடது காது மந்தம் என்று உனக்கே தெரியும், மத்தியானம் சாய்வு நாற்காலியில் மாட்டிக்கொண்டு படுப்பார், நாலாவது பாட்டில் குறட்டை வந்துவிடும், மறுநாள் மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார். அந்த நாலு பாட்டை மட்டும் ஐந்து மாதமாகக் கேட்டிருக்கிறார். ஆனால் நீ போனில் "கடைசி வரைக்கும் கேட்டீங்களாம்மா"ன்னு கேட்டபோது, பிள்ளை ஆசையாக அனுப்பினது, மனசு நோகக் கூடாது என்று, "கேட்டோம் கண்ணு, ரொம்ப நல்லா இருந்தது, அப்பா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு"ன்னு வாய் கூசாமல் சொன்னேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். அப்புறம் "சரிம்மா" என்றாய். அடுத்த வாரமும் கேட்டாய், அதே பொய்யைச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை.

அப்பாவுக்குத்தான் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாதம் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் இல்லையா, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பிரேக் போடும்போதெல்லாம் தன் காலையும் அழுத்துவார். காரில் இருக்கிற செட்டிலேயே பாட்டுப் பெட்டியை மாட்டிவிட்டால் இருவரும் முழுசாகக் கேட்டுவிடலாம், சொன்ன பொய்யும் மெய்யாகிவிடும் என்று கிளம்பினார். கம்பெனியே பொருத்திக் கொடுத்த செட்டு அது, ரேடியோவும் சி.டி.யும் மட்டும்தான், ஒயர் சொருக முன்பக்கம் ஒரு ஓட்டை கிடையாது. கார் செட்டுக் கடைக்காரர் "செட்டையே மாத்திடுங்க சார்"ன்னு சொன்னதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செட்டுக்குப் பின்னால் ஒயர் மாட்ட இடம் உண்டு என்று எங்கேயோ கேட்டு வந்து, சமையலறைக் கத்தி இரண்டை எடுத்துப்போய் நெம்பி, பேட்டரி ஒயரைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தார். கத்தி இரண்டும் இப்போது வெங்காயம்கூட வெட்டுவதில்லை. கடைசியில் ஒயர் மாட்டியாயிற்று, ஆனால் பேட்டரியைத் திரும்பக் கொடுத்ததும் செட்டு பாடவில்லை, நாலு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது. திருட்டுப் போனால் வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி அப்படி ஒரு பூட்டாம். எங்கள் கல்யாண வருஷத்தைப் போட்டார், தப்பு. நீ பிறந்த வருஷத்தைப் போட்டார், தப்பு. மூன்றாவதும் தப்பானால் அடியோடு பூட்டிக்கொள்ளும் என்று மெக்கானிக் போனில் சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான்தான் வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் எண், கீழே "அப்பா, இதையாவது தொலைக்காம இருங்க". நீ கல்யாணத்துக்கு முன்னால் எழுதினது. சிரித்துவிட்டோம். நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்டோம். நல்ல பாட்டாகத்தான் பொறுக்கியிருக்கிறாய். இருபத்திரண்டும் முடிந்தது, ஆஸ்பத்திரி இன்னும் பத்து நிமிஷ தூரம். கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு மின்விசிறி சுற்றுகிற மாதிரி ஒரு இரைச்சல். ரேடியோ தானாக வந்துவிட்டது, நாடகம் ஏதோ ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். "யாருகிட்ட பேசின? யாருகிட்ட பேசினன்னு கேக்கறேன்ல"ன்னு ஒரு ஆண் குரல். அது யார் குரல் என்று எனக்குப் புரிவதற்குள் உன் குரல் வந்துவிட்டது, "மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்ல கேக்கும்"ன்னு. அதற்கப்புறம் வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். அப்பா செட்டின் பக்கம் கையை நீட்டினார், அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். காது மந்தமல்லவா, சரியாகக் கேட்கவில்லை என்று அவர் சத்தத்தைக் கூட்டினார். வண்டி முழுக்க நீதான். நான் ஒரு டயர் கடை ஓரமாக நிறுத்தினேன். கடைக்காரர் எழுந்து வருவதைப் பார்த்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, கண்ணாடியை எல்லாம் அவசரமாக ஏற்றினேன், வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று. ஏற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

அந்த மாதிரி ஏழு இருக்கின்றன. ஏழையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் நீ தனியாகத் தேதியைச் சொல்லி, "அம்மா, இது மூணாவது தடவை", "அம்மா, இது நாலாவது தடவை" என்று மெல்லிய குரலில் சொல்கிறாய். தப்பித் தவறி அழிக்க மறந்தது இல்லை அது, எங்களுக்குச் சொன்னது. சொல்ல வேறு வழி இல்லாமல் இருபத்திரண்டு பாட்டுக்குப் பின்னால் ஒளித்து அனுப்பியிருக்கிறாய். நான் "ரொம்ப நல்லா இருந்தது" என்றேன். அம்மாவும் அப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று ஐந்து மாதம் நீ நினைத்துக்கொண்டிருந்திருப்பாயே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை கண்ணு. கேட்காமலே சொன்ன பொய்.

அப்பா அப்போதே போன் போட எடுத்தார், நான் பிடுங்கினேன். நீ ஏன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், நடுவில் ஏன் உன் வீட்டுக்காரர் குரல் வந்து நலம் விசாரிக்கிறது என்பதெல்லாம் இப்போது விளங்குகிறது. நாங்கள் தெரிந்த மாதிரி ஒரு வார்த்தை விட்டாலும் அது உன் தலையில்தான் விடியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவள் போல மழையைப் பற்றிப் பேசினேன். உனக்குக் குரல் கட்டியிருந்தது, சளி என்றாய். போனை வைத்ததும் அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், ஒரு மணி நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போன் அடித்தால் எனக்கு எடுக்கப் பயமாக இருக்கிறது, அடிக்காவிட்டால் அதைவிட மோசம். மாப்பிள்ளை என்று இத்தனை வருஷம் எழுதிய கைக்கு அந்த ஆளை இனி என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை, விடு. பொறுத்துப் போ, காலம் போனால் சரியாகிவிடும் என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். நான் அந்த நாலு பேரில் ஒருத்தி இல்லை. இத்தனை நாள் இருந்தேனோ என்னவோ, இப்போது இல்லை.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து ஆபீஸ் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதே. பெட்டியைக் கொண்டுவந்த அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல், அவள் நல்லவள், எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான்தான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றி அவள் வாயை அடைத்துவிட்டேன். பாட்டுப் பெட்டி என் தையல் மிஷின் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, யார் கையிலும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும், அதனால் இந்த ஞாயிறும் வழக்கம்போல் பேசுவேன், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்பேன். பாட்டுப் பெட்டியின் ஒயர் அறுந்துவிட்டது, அங்கே கிடைக்குமா என்று சாதாரணமாகக் கேட்பேன். அனுப்பி வைக்கிறேன் என்று நீ சொன்னால், நீயே கிளம்பி வருகிறாய் என்று அர்த்தம், நாங்கள் ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்து காத்திருப்போம். இங்கே கிடைக்காது என்று சொன்னால், மறுநாளே நாங்கள் இருவரும் உன் ஆபீஸ் வாசலுக்குப் புறப்பட்டு வருகிறோம். மூன்றாவது பதில் கிடையாது. நடுவில் நிலைமை மீறினால் எந்த ஒயருக்கும் காத்திருக்காதே, கட்டின துணியோடு அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்கும்போது செருப்பைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். நீ நன்றாக இருப்பாய், நூறு வயது நன்றாக இருப்பாய், எங்கள் ஆசீர்வாதம் முழுக்க உனக்குத்தான். படித்ததும் இதைக் கிழித்துப் போட மறக்காதே. அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார், கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என்றும் உன்,
அம்மா

கடைசி வரைக்கும் கேட்டேம்மா. அப்பா.