கசியாத குழாய்

ஏங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. எண்ணெய் கம்மிதான், மூஞ்சியைச் சுளிக்காம சாப்பிடுங்க.

ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுற ஆளு, மாடி ஏறும்போது மாடிக்கு மாடி நின்னு சுவத்துக் குழாயைத் தடவினா, கசிவு பாக்குறீங்கன்னுதானே நினைப்பேன்? கீழ்வீட்டு அக்காகூட, "உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு பொறுப்பு!"ன்னு மெச்சிக்கிட்டாங்க. நெஞ்சு வலிச்சுத்தான் நின்னீங்கன்னு நேத்து டாக்டர்கிட்ட நீங்க உளறினப்பதான் தெரிஞ்சுது. அதான் வீட்டுக்கு வந்ததும் அப்படிக் கத்திட்டேன்.

"நின்னா சரியாயிடுது, விடு"ன்னு சொல்றீங்க. விட முடியுமா? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சுருங்கிப்போச்சாம். சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம் போதுமாம். படி ஏறினா இதயம் இன்னும் கேக்குமாம். கிடைக்கலைன்னா வலிக்குமாம். உள்ளே உப்புப் படிஞ்ச குழாய்ல ஒரு டேப்புக்குத் தண்ணி வரும், ஷவரைத் திறந்தா வராதுன்னு ஊர் முழுக்கப் பாடம் நடத்துறது யாரு?

மாத்திரை உங்க சட்டைப் பையில இருக்கு. வலிச்சா உட்கார்ந்து, நாக்குக்கு அடியில வச்சுக்குங்க. அடைப்பு எங்கேன்னு பாக்குற ஆஞ்சியோவுக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.

மறந்துட்டேன்: டூல் பை கட்டிலுக்கு அடியில இல்ல. தேடாதீங்க.

இன்னொண்ணு: படி திரும்புற இடத்துல எல்லாம் ஸ்டூல் போட்டிருக்கேன். இனிமே குழாயைத் தடவ வேணாம், உட்காருங்க. ரெண்டு ரெண்டா போட்டிருக்கேன். நானும் கூடத்தானே ஏறுவேன்.