மறுபடியும் ஊசி போட்ட எலிகள்

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று மத்தியானம்தான் வயிறாரச் சாப்பிட்டேன். முடிவு பொய்யானால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பொய்யாகவில்லை.

புற்றுக்கட்டி இருந்த என் எலிகளில் நாலுக்கு, நான் கொடுத்த மருந்தால் கட்டி கரைந்தது. பேராசிரியர் நம்பவில்லை. எலிக்கூடத்தைக் கவனிக்கும் முத்திருளன் அண்ணன், போன வருஷம் ஒருமுறை, செத்துப்போன எலிகளுக்குப் பதிலாக வேறு எலிகளைக் கூண்டில் விட்டிருந்தார். கேட்டதற்கு, "நீ அழுவியேன்னுதான் தாயி" என்றார். இப்போதும் அப்படித்தான் என்று பேராசிரியருக்குச் சந்தேகம். அண்ணன், தான் இந்த முறை தொடவேயில்லை என்று பாண்டி கோயில் மேல் சத்தியம் செய்தார். பேராசிரியர் சிரித்தார்.

கடைசியில் அந்த நாலுக்கும், புதிதாக நாலு எலிகளுக்கும் அதே புற்றணுக்களை ஊசியில் ஏற்றினோம். ஒருமுறை நோயை வென்ற உடம்பு, அதை அடையாளம் கண்டு விரட்டிவிடும். மாற்றி விட்ட எலியென்றால் கட்டி வந்துவிடும்.

இன்று காலை பேராசிரியரே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். புது எலிகள் எல்லாவற்றுக்கும் கட்டி இருந்தது. என்னுடைய நாலுக்கும் இல்லை.

"சாமி மேல சத்தியம் பண்ணா நம்பல, எலி சொன்னா நம்புறாக" என்றார் அண்ணன். பேராசிரியர் அவர் தோளைத் தட்டிவிட்டு என்னிடம், "எழுத ஆரம்பிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஏற்ற வண்டியோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்க வேண்டாம். நான் இப்போது வரவில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வண்டி வேண்டாம். நீங்கள் மட்டும் பஸ்ஸில் வாருங்கள்.

பழங்காநத்தம் அறையிலிருந்து,
உங்களவள்