கிழிபடாத வாய்கள்

இன்று காலை கமராப் பையைத் திறந்தேன். இன்னும் கருவாடு மணக்கிறது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. என் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி, இதை எறியுங்கோவன்" என்றாள். நான் எறியவில்லை. அந்த மணத்துக்குக் காரணம் நீ என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

நாங்கள் இரண்டு பேரும் கலியாண வீடியோக்காரிகள். நீ கமரா, நான் வெளிச்சமும் ஒலிவாங்கியும். மன்னாரில் பேசாலையிலிருந்து நறுவிலிக்குளம் வரை, எத்தனை மாப்பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லியிருப்போம், மாதா கோயிலில் புதுநன்மை வாங்கும் எத்தனை பிள்ளைகளின் வெள்ளை உடுப்பை இழுத்துவிட்டிருப்போம். சண்டை முடிந்த பிறகு ஒருநாள், தகரக் கொட்டில்கள் நிறைந்த ஒரு குடியிருப்பில் கலியாணம் எடுக்கப் போனோம். அங்கிருந்தவர்கள் எல்லோரும் தாழைமுனைச் சனம். அவர்களின் ஊரைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, உள்ளே படைமுகாம் போட்டிருந்தார்கள். பெண்ணின் தாய் செலஸ்ரினா அக்கா உனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"கலியாணத்தை வடிவா எடுக்கிறியள் பிள்ளை. நாங்கள் ஊரை விட்டு வந்ததை ஒருத்தரும் எடுக்கேல்லை. எங்கட பிள்ளையளுக்கு அங்க ஒரு ஊர் இருந்ததெண்டே தெரியாமல் போகப்போகுது."

நீ சாப்பிட்டு முடித்தாய். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டு வாசலில் கமராவோடு நின்றாய்.

அப்படித்தான் தொடங்கியது. கொட்டில் கொட்டிலாகப் போனோம். கோயிலுக்கு அடுத்தது யார் வீடு, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் வலை காயப்போட்டார்கள், ஷெல் விழுந்த அன்று யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாராவது அழுது நிறுத்தினால், நீ கமராவுக்குப் பின்னாலிருந்து, "அவசரமில்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பாய். கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டாய்.

நாலாவது வாரம் சோதனைச்சாவடியில் பிடித்தார்கள். சீருடை போட்ட ஒருவன் கமராவைப் போட்டுப் பார்த்தான். "இது கல்யாணம் இல்லைத்தானே?" என்றான். பிறகு வீடியோ நாடாவை எல்லாம் உருவி, நடுவெயிலில், எங்கள் கண் முன்னாலேயே பிய்த்து எறிந்தான். ஒரு மாத வேலை முள்ளுச்செடியில் சிக்கிக் காற்றில் ஆடியது.

பஸ்ஸில் நான் அழுதேன். "இனி நான் வரமாட்டன். எனக்குப் பிள்ளையள் இருக்கு" என்றேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய்:

"எடி, அவன் நாடாவைத்தான் கிழிச்சவன். அவையின்ர வாயைக் கிழிக்கேல்லை."

வரமாட்டேன் என்றவள் அடுத்த கிழமையும் வந்தேன். உன்னைத் தனியே விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். சனம் பயந்து கதவைச் சாத்தும் என்று நினைத்தேன். செலஸ்ரினா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டார். கையைக் கழுவிச் சீலையில் துடைத்தார்.

"நல்லதுதான். முதல்தரம் சொல்லேக்க ரெண்டு வீட்டை மறந்துபோனன். இப்ப ஞாபகம் வந்திட்டுது. எடு பிள்ளை."

எல்லோரும் மறுபடி சொன்னார்கள். முதல்முறை பேச மறுத்த இரண்டு பேர்கூடத் தாங்களாக வந்து கதிரையில் இருந்தார்கள். திரும்பி வரும்போது நாடாக்களைக் கருவாட்டுக்குள் புதைத்துக் கமராப் பையை நிரப்பினாய். கமராவைப் பிறகு எடுக்கலாமென்று கொட்டிலிலேயே விட்டோம். சோதனைச்சாவடியில் பையைத் திறந்தவன் மூக்கைச் சுளித்து, "போ, போ" என்றான். மன்னார்ப் பாலம் கடக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் கழுத்தில் கிடந்த மாதாவின் உத்தரிய மாலையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

படத்தை ஒன்றாகச் சேர்க்குமுன் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டது தண்ணீர் அல்ல. "அதை வெட்டிக் குறைக்காதை, என்ன?" என்றாய். ஓம் என்றேன்.

அந்த ஓமைக் காப்பாற்றுவது லேசாக இருக்கவில்லை. படத்தைத் தொகுத்துத் தந்த பெடியன், கேள்வி கேட்பவரின் குரலை எடுத்துவிடுவதுதான் வழமை என்றான். "அவ கேட்டபடியால்தான் அவை சொன்னவை. விடு" என்றேன். உன் படம் ஒன்றுகூட அதில் இல்லை. குரல் இருக்கிறது.

போன மாதம் கோயில் மண்டபத்தில் காட்டினோம். யன்னல்களைச் சீலையால் மறைத்தோம். தாழைமுனையைக் கண்ணால் காணாத பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். முடிந்து வெளிச்சம் வந்ததும், பின்னால் நின்ற ஒருவர் முன்னே வந்தார். சாதாரண உடுப்பு, கையில் கொப்பி. யாரென்று சொல்லவில்லை. புலனாய்வுக்காரர் என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

"இதுக்கு ஆர் அனுமதி குடுத்தது?"

அப்போது செலஸ்ரினா அக்கா பொல்லை ஊன்றி எழும்பினார்.

"நான் குடுத்தனான். என்ர வீட்டுக் கதையைச் சொல்ல நான் வேற ஆரிட்டைக் கேக்கவேணும்?"

"பேர் என்ன?" என்று அவர் கொப்பியை விரித்தார்.

அக்கா முழுப்பெயரையும் சொன்னார். பிறகு அவருக்குக் கிட்டப் போய்க் கொப்பியை எட்டிப் பார்த்தார். "பிறந்த ஊரையும் போடுங்கோ, தம்பி. தாழைமுனை. வடிவா எழுதுங்கோ, பிழை விடாதையுங்கோ."

அவர் எழுதினார். அத்தனை பேருக்கும் முன்னால், தலையைக் குனிந்து, தாழைமுனை என்று எழுதினார்.

அந்த நேரம் கமரா என் கையில் இருந்தது. எடுப்பதை நிறுத்தவில்லை. பயம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். பயத்தோடேயே எடுக்கலாம் என்பதை உன் பக்கத்தில் வெளிச்சம் பிடித்து நின்றே பழகினேன். எழுதும் அந்தக் கையைக் கிட்டவாக எடுத்து, படத்தின் முடிவில் சேர்த்திருக்கிறேன். அதை வெட்டச் சொல்லி இரண்டு தரம் தொலைபேசி வந்துவிட்டது.

வெட்டவில்லை.