கதவைப் பிடிக்க ஓர் ஆள்

பிப்ரவரி 3, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்க நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறக்கினார்கள். கூரை இல்லாத, இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட ஆறு வயது மூத்தது. சிவப்பு என்று சொல்லி விற்றார்கள். வந்து பார்த்தால் சிவப்பில் பெரும்பகுதி துரு.

ஷெட்டில் பாதியை அது அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் அவளுடைய தையல் மிஷினும் காலி டப்பாக்களும். அவள் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை போன். அவள் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், துணைக்குப் பத்து நாள் என்று போனவள். இன்றோடு இருபத்தாறு நாள்.

“கார் வாங்கியிருக்கேன்” என்றேன்.

“ஓடுமா?”

“ஓட வைக்கணும்.”

“அப்ப நான் இல்லாத நேரம் பாத்து சக்களத்தியைக் கொண்டாந்துட்டீங்க.” சிரித்தாள். நல்ல சிரிப்பு, கேட்டு நாளாயிற்று.

“முடிச்சதும் இதுலயே வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன். ரெண்டு சீட்டு. நமக்கு வேற யாரு?”

அக்கா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள். ஆகஸ்டுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

பிப்ரவரி 9, சனி

கழற்றும் வேலை. ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை நம்பர் போட்டுச் சீட்டு ஒட்டியாயிற்று. ஒவ்வொரு நட்டும் அதற்கான டப்பாவில். பல்செட் செய்யும் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? யாருடைய மேல்தாடையும் அடுத்தவருடைய கீழ்த்தாடையோடு என் கையில் கலந்ததில்லை.

பிப்ரவரி 20, புதன்

பல் டாக்டரம்மா ஒரு பெரியவரின் மேல், கீழ் இரண்டு அச்சையும் அனுப்பியிருக்கிறார், கடி எடுக்காமல். மெழுகை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி ஒரு பதிவு எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலுக்கும் கீழுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எவனுக்குத் தெரியும்? என் பாட்டுக்குக் குத்துமதிப்பாகச் செய்து கொடுத்தால், அந்த மனிதர் ஆயுசுக்கும் வாயை மூட முடியாமல் அலைவார்.

“கடி இல்லாமல் வேலையைத் தொடமாட்டேன்” என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். பக்கத்து மேஜை பாலிஷ்காரர் எட்டிப் பார்த்து, “ஏன் சார், வீட்ல சாப்பாடு சரியில்லையா?” என்றார். வீட்டில் சாப்பாடு ரொட்டியும் முட்டையும். நாற்பது நாளாக அதுதான்.

மார்ச் 10, ஞாயிறு

“சக்களத்தி எப்படி இருக்கா?”

“இன்ஜினை இறக்கிட்டேன்.”

“எங்க வெச்சிருக்கீங்க?”

அது எவ்வளவு கனம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“ஹால்லயா?”

“கீழ பேப்பர் போட்டுத்தான் வெச்சிருக்கேன்.”

அக்கா இப்போது கம்பு இல்லாமல் கடைவரை நடக்கிறாளாம். சந்தோஷம் என்றேன். அப்படியென்றால் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வருமே.

மார்ச் 27, புதன்

பாகங்களைக் கழுவும் மண்ணெண்ணெய் வாசனை தலையணைவரை வந்துவிட்டது. என்னுடையதற்கு மட்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில், காலை மட்டும். அக்கா வீட்டு மாடியறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார்களாம். தனி வழி, தனிச் சாவி.

“நல்லது” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“பின்பக்க ஆக்சில்ல ஒரு போல்ட்டு அசையவே மாட்டேங்குது” என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன். அப்புறம் ஷெட்டுக்குப் போய் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். தலை முறிந்து கையோடு வந்துவிட்டது.

இந்த வீட்டில் எப்போதுமே நாங்கள் இருவர்தான். அதனால் ஓர் ஆள் குறைந்தால் பாதி வீடு குறைந்துவிடுகிறது. எனக்குத் தனியாக இருக்கிறது. இதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன் போலிருக்கிறது.

மே 4, சனி

மூன்று சனிக்கிழமையாக வெல்டிங் கற்றுக்கொள்கிறேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் வெல்டரிடம். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர். நான் பற்றவைத்ததைப் பார்த்து, “கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா ஒட்டிருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

கதவுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிக்கு ‘சில்’ என்று பெயர். இரண்டு சில்லும் துருவேறி அப்பளமாக நொறுங்குகின்றன. அறுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

“அதுக்குப் போறப்ப ஒரு குரல் குடுங்க” என்றார் வெல்டர். சரி என்றேன்.

மே 12, ஞாயிறு

குரல் கொடுக்கவில்லை. அவர் வந்தால் அவர்தான் செய்வார், நான் விளக்குப் பிடிக்க வேண்டியதுதான். கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பக்க சில்லையும் ஒரே நாளில் அறுத்தேன். என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

போன் வந்தபோது மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. பார்த்தால் மூன்று தடவை அடித்திருக்கிறாள். திரும்பக் கூப்பிட்டேன். தூங்கிவிட்டாள் என்றாள் அக்கா. மணி பகல் மூன்று.

ஜூன் 16, ஞாயிறு

சில் இரண்டும் பற்றவைத்து முடிந்தது. பிரைமரும் அடித்தாயிற்று. சாம்பல் நிறத்தில் பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. அவளிடம் சொன்னேன். “அப்படியா” என்றாள். சக்களத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. போன வாரமும் கேட்கவில்லை, இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

கதவு உட்காரமாட்டேன் என்கிறது.

ரெண்டு கதவும்.

ஜூன் 24, திங்கள்

லீவு போட்டேன். வெல்டரைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்தார். கதவு வரவேண்டிய வாயின் மேல்பக்கம் இரண்டு விரற்கடை குறுகியிருக்கிறது.

“ரெண்டு பக்கமும் ஒண்ணாவா அறுத்தீங்க?”

“ஆமா.”

“அறுக்கறதுக்கு முன்னாடி குறுக்கே கம்பி பத்தவெச்சீங்களா?”

“இல்ல.”

“முன்னாடி கதவுச் சந்து எவ்வளவு இருந்துச்சுன்னு அளவாவது இருக்கா?”

அதுவும் இல்லை.

கையில் இருந்த டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “கூரை இல்லாத வண்டி சார் இது. மொத்த பலமும் அந்த ரெண்டு பெட்டிலதான். அதை எடுத்ததும் நடு ஒடிஞ்சு உக்காந்துருச்சு. உக்காந்த எடத்துலயே நீங்க நல்லா கெட்டியா பத்தவெச்சுட்டீங்க.”

கடி எடுக்காத அச்சைத் திருப்பி அனுப்பியவன் நான். காரமாகச் சீட்டு எழுதியவன் நான். இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு ஒட்டினேன், நட்டுக்கு, வாஷருக்கு, கண்ணாடி ரப்பருக்கு. கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் அளக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. என்னவென்று சொல்லிக் கேட்பது?

ஜூலை 14, ஞாயிறு

புது வெல்டிங்கை மறுபடி அறுத்துவிட்டு, நடுவில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் வாய் திறக்கும். திறந்த இடத்தில் கதவைப் பொருத்திப் பார்த்து, சரியானதும் பற்றவைக்க வேண்டும். கதவை ஒருவர் பிடிக்க வேண்டும், ஜாக்கியை ஒருவர் ஏற்ற வேண்டும்.

கதவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

கயிறு அவிழ்ந்து கதவு காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. போனில் அவளிடம் சொல்லவில்லை. அவளும் ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டாள் என்று தோன்றியது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். இங்கே மழை இல்லை, அங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கேட்டுவிட்டேன். “அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமா? கதவைப் பிடிக்க ஓர் ஆள் வேணும்.”

மெதுவாகச் சொன்னாள். கோபமே இல்லாமல்.

“நான் வந்து ஏழு மாசம் ஆகப்போகுது. இன்னிக்குத்தான் மொத தடவையா வான்னு கூப்பிடறீங்க. கதவைப் பிடிக்க.”

“வண்டி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டு வரேன்னு சொன்னேனே.”

“நான் எப்பங்க கார்ல வரேன்னு சொன்னேன்? பஸ்ல ரெண்டு மணி நேரம். அக்கா ஆஸ்பத்திரில இருந்தப்பகூட நீங்க வரல.”

போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூணு வீடு தள்ளி வெல்டர் இருக்காரு. ஒரு குரல் குடுத்தா வந்து பிடிச்சிருப்பாரு. அவரை விட்டுட்டு, ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கறவளை எதுக்குக் கூப்பிட்டேன்? அவ வரணும்னுதானே. அதை அப்படியே சொல்ல வாய் வரலை. கதவு, ஜாக்கின்னு என்னென்னமோ சேத்துத்தான் கேக்க வந்துச்சு.

பிப்ரவரியில் அவள் ஒருமுறை சொன்னது. அன்றைக்கு நான் எழுதி வைக்கவில்லை, இப்போது எழுதுகிறேன்: “இங்க அக்கா நாள் பூரா டிவியோட சண்டை போடறா. அந்தச் சத்தமாவது காதுல விழுது.” நான் அதை அக்காவைப் பற்றிய குறை என்று நினைத்துக்கொண்டேன். அக்காவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல் என்றேன். என்ன ஜென்மம் நான்.

இந்த வண்டியை ஆகஸ்டில் முடிக்கத்தான் முடியுமா? நாலு பேர் நாலு வருஷம் செய்யும் வேலை. இது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். முடியாத வேலையாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அது முடியும்வரை போக வேண்டியதில்லை, அங்கே போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வெல்டரை அழைத்துவந்தேன். இரண்டு கதவு வாயிலும் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்தார். நான் விளக்குப் பிடித்தேன்.

“இனிமே மேக்கொண்டு இறங்காது. தூக்கி நிறுத்தறது வேற கதை” என்றார்.

“அது பொறுமையா பாத்துக்கலாம்.”

“உங்க வாயிலயா பொறுமை வருது?” என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “வீட்ல அம்மா எப்ப வராங்க?”

தெரியல என்றேன். இந்தத் தெருவில் ஒருவரிடம் உண்மையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மாலை, இன்ஜினையும் இரண்டு பேருமாக ஹாலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தினோம். தரையில் கறை போகவில்லை. தேய்த்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். “அடுத்த ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி பஸ்ல வரட்டுமா?”

“எதுக்கு?”

“சும்மா. உன்னைப் பாக்க.”

“வாங்க” என்றாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். ஸ்கூட்டரில் அவள், தலையில் ஹெல்மெட். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஜூலையில் கற்றுக்கொண்டாளாம். அன்றைக்குப் போனில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதானாம். “மழையைப் பத்திப் பேசினோமே, அன்னிக்கு.”

“ஏறுங்க” என்றாள். ஏறினேன். “பிடிச்சுக்கோங்க.” எதைப் பிடிப்பது? சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மாடியறைக் கதவு தரையில் உரசுகிறது. திறக்கும்போதே கீல் எங்கே இறங்கியிருக்கிறது என்று கண் போய்விட்டது, குனிந்தும்விட்டேன். “அதைப் பாக்காதீங்க. இங்க வந்து உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலில் பள்ளிக்கூடத்துக் காலண்டர். வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டேன். நடுவில் இரண்டு கேள்விகூடக் கேட்டேன்.

“சக்களத்தி?”

“ஷெட்ல இருக்கா. நடு ஒடிஞ்சுருச்சு. கம்பி வெச்சு நிறுத்திருக்கோம்.”

“பாவம்” என்றாள். கேலி இல்லை.

கிளம்பும்போது, “வீட்டுக்கு வா” என்றேன். வண்டி, கதவு எதையும் சேர்க்காமல், அதை மட்டும் சொன்னேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். “இதை மார்ச்லயே கேட்டிருந்தா அன்னிக்கே பையைத் தூக்கிருப்பேன். இப்ப இந்த ரூம் எனக்குப் பிடிச்சிருக்குங்க.” அப்புறம், “ஞாயித்துக்கிழமைன்னா லீவுதான். வாங்க” என்றாள்.

பஸ் நிலையத்துக்கு அவளே கொண்டுவந்து விட்டாள். வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கியபோது என்னை அறியாமல் அவள் தோளைப் பிடித்தேன். பள்ளம் தாண்டியும் அவள் வேகத்தைக் கூட்டவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.