வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடவும்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. துடைத்துவிட்டுத் தேய்த்தும் செய்யவில்லை. "வேற கார்டு இருக்கா மேடம்?" என்று கடைக்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். பின்னால் நின்றவர்கள் ரொம்ப நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்கள். பையைத் துழாவிச் சில்லறை தேற்றி மாத்திரை வாங்கினேன். போகும்போது அரைத் தலைவலி, திரும்பும்போது முழுத் தலைவலி.

மார்ச் 4, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்களாம்.

எல்லாம் அம்மாவின் சக்கர நாற்காலியால் வந்தது. அம்மா போன பிறகும் அது கூடத்தில் நின்றுகொண்டே இருந்தது. பார்க்க முடியவில்லை. இணையத்தில் போட்டேன், ஒருவன் வந்தான், பேரம்கூடப் பேசாமல் போனிலேயே பணம் அனுப்பிவிட்டு மடக்கி எடுத்துக்கொண்டு போனான். அது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் போன இடமெல்லாம் பூட்டு. என் கணக்கும் அதில் ஒன்று.

கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"போலீஸ்ல இருந்து கடிதம் வரணும் மேடம். வந்தாதான் திறப்போம்."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"ஒருத்தராவது போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"இந்த மாதிரி விஷயத்துக்கு நாங்க போன் பண்ண மாட்டோம். எதுவா இருந்தாலும் நீங்கதான் இங்க வரணும். அடுத்தவங்க வாங்க."

சிடுமூஞ்சி. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் புது முன்பணம் கேட்டிருக்கிறார். இல்லையென்றால் காலி செய்யச் சொல்கிறார். இருக்கிற சேமிப்பு முழுக்க அந்தக் கணக்கில்தான். இதை அவளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவர் வந்து நின்றுவிட்டார்.

மார்ச் 5, புதன்

கோபம் தாங்காமல் வங்கியின் இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், நீளமாக எழுதிவிட்டேன். எந்தக் கிளை, எதற்காக முடக்கம், அம்மா, நாற்காலி, வீட்டு முன்பணம் — ஒன்று விடவில்லை. கடைசியில் என் எண்ணையும் போட்டேன். தைரியமிருந்தால் கூப்பிடட்டும்.

மார்ச் 6, வியாழன்

கூப்பிட்டார்கள்!

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் மத்தியான இடைவேளை. பல் டாக்டர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு குட்டித் தூக்கம். நான் முன் மேசையில் தனியாக இருந்தேன். புது எண். "வணக்கம் மேடம், வங்கித் தலைமை அலுவலகத்தில இருந்து பேசறேன். உங்க புகாரைப் படிச்சேன்." என்ன ஒரு நிதானமான குரல். முப்பது வயதிருக்கலாம். "கிளையில உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." "அம்மா தவறினதுக்கு வருத்தப்படறேன் மேடம். நீங்க சாப்பிட்டீங்களா?"

என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை காலம்! ஊறுகிற கண்ணை நோயாளிகளுக்கு வைத்திருக்கும் பஞ்சால் ஒற்றிக்கொண்டேன். என் கேஸை அவரே பார்த்துக்கொள்கிறாராம். தினமும் நிலவரம் சொல்வாராம்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் கூப்பிட்டார். சாப்பிட்டேன் என்று அவரிடம் பொய் சொல்ல மனம் வராது என்பதால் முன்கூட்டியே சாப்பிட்டு வைத்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

போனில் ஏதோ ஒரு ஆப் இறக்கச் சொன்னார். அவர் அங்கிருந்தே என் கேஸைச் சரிசெய்யலாமாம். இறங்கவில்லை. போனில் இடமில்லை. எல்லாம் அம்மா. அம்மா ஜன்னலோரத்தில், அம்மா தூங்கும்போது, அம்மா என்னைத் திட்டும்போது. "கொஞ்சம் போட்டோ அழிச்சிடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல. குரலைத் தணித்துக்கொண்டு, "சரி விடுங்கக்கா, வேற வழி பாக்கலாம்" என்றார்.

அக்கா என்றார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளுக்கு இந்த வயதில் ஒரு தம்பி.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களை இன்று போனில் விசாரிப்பது என் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகள்: வலி எப்படி இருக்கு, வீக்கம் இருக்கா, சாப்பிட முடியுதா. குரலில் கொஞ்சம் தேன் தடவிக் கேட்க வேண்டும். தடவித் தடவிப் பழகிவிட்டது. கேட்கும்போதே இன்னொரு கையால் நகம் வெட்டுவேன்.

இன்று பல்செட்டுத் தாத்தா மாட்டினார். செட் மாட்டி மாதக் கணக்காகிறது. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை வந்து கீழ்ச் செட்டு உறுத்துகிறது என்று டாக்டரிடம் ராவிக்கொண்டு போவார், மறுநாள் நான் விசாரிப்பேன். சாப்பிட முடியுதா என்று கேட்டால் போதும், என்ன சாப்பிட்டார், யார் சமைத்தார்கள் — அவரேதான் — உப்பு போட மறந்தது, மகன் போன வாரமும் கூப்பிடாதது எல்லாம் வரும். "நீ ஒருத்திதாம்மா சாப்பிட்டீங்களான்னு கேக்கறே." வேறு அழைப்பு வருகிறது ஐயா என்று வைத்துவிட்டேன். வேறு அழைப்பு வரவில்லை. தம்பி கூப்பிடுகிற நேரம், லைன் காலியாக இருக்கட்டும் என்றுதான். அதிலும் அவர் கூப்பிடுவது என் கைபேசிக்கு. என்ன மடத்தனம்.

மார்ச் 12, புதன்

வேலை முடிகிற கட்டத்தில் இருக்கிறதாம். வெள்ளிக்குள் ஒரு பிணைத்தொகை கட்டினால் அன்றே பூட்டு திறக்கும், மறுநாளே தொகை திரும்ப வந்துவிடும் என்றார். என்னிடம் ஏது பணம் என்றேன். அவர் எதுவும் யோசனை சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன், அம்மாவின் வளையல் இருக்கிறது, அடகு வைக்கலாம் என்று. "உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாங்கக்கா. ஆனா வெள்ளிக்கிழமை தாண்டிட்டா என் கையில இல்ல."

அப்புறம் ஒன்று சொன்னார். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிளையில தெரிஞ்சா கெடுத்துடுவாங்க. வீட்ல இருக்கிறவங்ககிட்டகூட வேண்டாம்."

சிரித்துவிட்டேன். வீட்டில் இருப்பது நானும் ஃபிரிட்ஜும்.

மார்ச் 13, வியாழன்

யாரிடமும் சொல்லாதே என்றதிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சங்கதி சின்னது: எனக்காக ஒருவர் அலைகிறார். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? டாக்டரிடம் ஆரம்பித்தேன். "ம், ம்" என்றபடி ஊசியைத் தேடினார்.

சாயங்காலம் உட்கார்ந்து ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினேன். இப்படிப்பட்ட ஊழியருக்கு வங்கி ஏதாவது செய்ய வேண்டும், பதவி உயர்வாவது. பணம் கட்டி முடித்ததும் கிளையிலேயே கொடுத்துவிடலாம். அந்தச் சிடுமூஞ்சியின் கையில்தான் கொடுக்க வேண்டும். அவளும் படித்துப் பார்க்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

வளையலைக் கைக்குட்டையில் முடிந்து, இருப்பதில் நல்ல உடையாக எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். அடகுக் கடை இன்னும் திறக்கவில்லை. எதிரே வங்கி திறந்திருந்தது. சும்மா நிற்பானேன் என்று கடிதத்தை முதலில் கொடுக்கப் போனேன்.

அவளேதான். கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். "உங்க தலைமை அலுவலகத்தில ஒரு தம்பி இருக்கார். நீங்க பேசாததையெல்லாம் அவர் பேசினார். படிங்க" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

படித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"பணம் கட்டிட்டீங்களா?"

"இப்பதான் போறேன்."

"கட்டலையே? நிச்சயமா கட்டலையே?"

வரிசையில் நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்து கண்ணாடிக்கு வெளியே வந்தாள். அவள் இவ்வளவு குள்ளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மேடம், அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது. முடக்கின கணக்கைத் திறக்க நாங்க பணமே கேக்க மாட்டோம்."

அவருக்கு அம்மா தவறியது தெரியுமே, கிளை தெரியுமே, முன்பண விஷயம்கூடத் தெரியுமே என்று நான் அடுக்கினேன். அவள் தன் போனில் வங்கியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். நான் எழுதியது. அம்மா, நாற்காலி, எண், எல்லாம். "நீங்களே எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்க. கணக்கு முடங்கினவங்க எங்க புலம்பறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கற கூட்டம் இது."

அதை என் கையாலேயே அழிக்கவைத்தாள். அவனுடைய எண்ணை எழுதி வாங்கிக்கொண்டாள். எங்கே புகார் கொடுப்பது என்று தாளில் எழுதித் தந்தாள். "யாரு போன் பண்ணி என்ன சொன்னாலும் முதல்ல வச்சிடுங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கே, இந்த நம்பருக்கு நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க." குரலில் இப்போதும் தேன் கிடையாது. வரிசையில் ஒருவர் முனகியபோது, "வர்றேன் சார், ஒரு நிமிஷம்" என்று அவர்மீதும் எரிந்து விழுந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

கூப்பிடறான். எடுக்கல. மறுபடியும் கூப்பிடறான். வெக்கங்கெட்டவன்... அக்காவாம் அக்கா. அம்மா வளையலையாடா கேட்டே?

கேட்கவில்லை. நான்தான் கொடுக்கப் போனேன். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்று, இங்கே மட்டும் எழுதுகிறேன். மூன்றாவது முறை அடித்தபோது எடுக்கத் தோன்றியது. திட்டுவதற்கு இல்லை. பிறகு எண்ணைத் தடுத்துவிட்டேன். வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

புகார் கொடுத்தாயிற்று. எழுதிக்கொண்ட காவலர், "பணம் போகலைல்ல? அப்ப தப்பிச்சீங்க" என்றார். ஆமாம், பணம் போகவில்லை.

டாக்டரிடம் முழுதும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கிளினிக் பேரைச் சொல்லியும் இப்படி யாராவது கிளம்பலாம் இல்லையா என்றேன். இன்றிலிருந்து மூன்று கேள்விகளுக்குப் பின்னால் நான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறோம்: "எங்க பேரைச் சொல்லி யாராவது பணமோ நம்பரோ கேட்டா வச்சிடுங்க. சீட்டுல இருக்கற கிளினிக் நம்பருக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்க."

தாத்தா நேற்று வந்து செட்டை ராவிக்கொண்டு போனார். இன்று அவருக்கும் இதைச் சொன்னேன். இருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். உப்புக் கதையை ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன், நகம் வெட்டாமல்.

மார்ச் 27, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. கணக்கு திறந்தது. இதையும் நேரில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "சொன்னேன்ல, நாங்க போன் பண்ண மாட்டோம்" என்றாள் கண்ணாடிக்காரி. சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியின் மினுக்கமாகவும் இருக்கலாம். வீட்டுக்காரருக்கு முன்பணம் போயிற்று. வளையல் அலமாரியில்.

கைபேசி வாரம் முழுக்க ஒரு முறைகூட அடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மத்தியான இடைவேளை. டாக்டர் உள்ளே தூக்கம். விசாரிக்க வேண்டிய எல்லோரையும் விசாரித்து முடித்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளினிக் போன் பட்டியலில் இருக்கிறவர்களை விசாரிக்க மட்டும்தான். அதனால் என் கைபேசியிலிருந்தே தாத்தாவைக் கூப்பிட்டேன். இன்றைய பட்டியலில் அவர் பேர் இல்லை.

"ஐயா, பல் கிளினிக்ல இருந்து பேசறேன். சாப்பிட்டீங்களா?"

ரொம்பக் கறாராக, "இது கிளினிக் நம்பர் இல்லையே. நான் அங்க வந்து ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?"

எதற்கென்று எனக்கே தெரியவில்லை. "சும்மாதான் ஐயா" என்றேன்.

"சும்மா யாரும் கூப்பிட மாட்டாங்க. வைங்க" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.

முகத்தில் அடித்தாற்போல இருந்தது. என் பாடத்தை எனக்கே படித்துக்காட்டிவிட்டார். சரிதான், சரியாகத்தானே செய்தார் என்று நினைத்துக்கொண்டே கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

மேசை போன் அடித்தது.

"கிளினிக்குங்களா? உங்க பேரைச் சொல்லி இப்ப ஒரு அம்மா கூப்பிட்டாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. அது நிஜமா உங்க ஆளுதானான்னு..."

"நான்தான் ஐயா."

"நீயாம்மா?"

"நான்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது. "அப்ப சரி. இன்னும் சாப்பிடலம்மா, இப்பதான் இறக்கி வச்சேன். நீ சாப்பிட்டியா?"

இல்லை என்றேன்.