ஐயாவின் இடது கால்

கொழும்பு
4.2.1989

அன்புள்ள அம்மா,

இறுப்பிட்டி வாழ் மகாசனங்களுக்கு முக்கிய அறிவித்தல்: இன்று காலை ஐயா தன் இடது காலால் உங்கள் மகனை உதைத்தார். நீங்களும் தங்கச்சியும் சுகந்தானே? இங்கே ஆஸ்பத்திரிச் சோற்றைத் தவிர எல்லாம் சுகம்.

பயப்படாமல் வாசியுங்கோ. அடைபட்ட இரத்தக் குழாயைச் சுற்றி இரத்தம் ஓட, ஐயாவின் தொடை நரம்பை எடுத்து இடது காலில் பொருத்தினார்கள் அல்லவா? வியாழக்கிழமை அதற்குள் இரத்தம் கட்டிவிட்டது. காலைத் தொங்கவிட்டால் ஐயாவுக்குச் சோறு இறங்காதே. தாதி அங்கால் போனதும் கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டிருக்கிறார். முழங்காலோடு புது நரம்பும் மடிந்துவிட்டதாம்.

கால் குளிர்ந்துபோனதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். உடனே திரும்ப வெட்டி இரத்தக் கட்டியை எடுத்தார்கள். "தம்பி, நீர் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும்" என்று பெரிய டொக்டர் முதுகில் தட்டினார். வார்டில் இப்போது நான் சின்ன டொக்டர்.

நாங்கள் வரமுன் ஐயா காலைத் தொங்கவிட்டு இருந்து சாப்பிட உயரமான கதிரை ஒன்று செய்வியுங்கோ. சாப்பாட்டுப் பாயைச் சுருட்டி ஒளித்து வையுங்கோ, ஐயா பிடிக்கிற சுருட்டையும்தான். கொஞ்சம் பனம்பழப் பினாட்டு அனுப்புங்கோ. இங்கே சண்டை பிடிக்க ஆளில்லை. என்னை ஏசி ஒரு கடிதம் எழுதத் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன்.

மகன்
சிவநேசன்

பி.கு: நான் ஒன்றையும் சோதிக்கவில்லை, அம்மா. தினமும் ஐயாவின் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவேன், அவர் உதைப்பார். அன்றைக்கு அவர் உதைக்கவில்லை. டொக்டரிடம் அழுதுகொண்டுதான் ஓடினேன்.